பழைய வீடு வாங்குமுன் புரோக்கரை நம்பாமல் நான் பார்ப்பவை

புரோக்கர் நீட்டும் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) ஜெராக்ஸை ஓரமாக வைத்துவிடுவேன். கிரயம் முடிந்தால்தானே அவருக்குக் கமிஷன்! பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண் போட்டு 30 வருடத்துக்கு நானே எடுப்பேன். பதிவாகாத ஒப்பந்தம் அதில் வராது. அதனால் மூலப்பத்திரத்தின் (சொத்தின் முந்தைய கிரயப் பத்திரம்) அசலையும் கேட்பேன்; எங்காவது அடகில் இருந்தால் அசலைக் காட்ட முடியாதே!

சுவரில் புதுப் பெயின்ட் என்றால் சந்தேகம்தான். ஓரடிச் சதுர பாலித்தீன் ஷீட்டின் நான்கு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுவேன். ஷீட்டின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் வெறும் காற்றீரம்.

அடுக்குமாடியில் பாத்ரூம்தான் வில்லன். தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, 2 அங்குலம் நிறுத்தி, மறுநாள் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்ப்பேன். குழாயைச் சுற்றி மட்டும் கறை என்றால் பெரும்பாலும் இணைப்புக் கசிவு. பரவலாக இருந்தால் வாட்டர்ப்ரூஃபிங் (டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு) போயிருக்கும். டைல்ஸையே பெயர்க்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்வேன்.