வகுப்பில் மனம் ஒட்டவில்லையா? ஒரு நோட்டும் கைப்பேசியும் போதும்

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். (எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் 'மிஸ்' ஆகிவிடுவேன்.) ஒன்பதாவது வருடத்தில், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டே பாடம் நடத்தும் நிலைக்கு வந்திருந்தேன். "ஆர்வத்தோடு கற்பியுங்கள்" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அந்த ஆர்வம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் தேடிப் பிடித்த வழி இது. ஒரு மாதம் ஆகும்.

முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கைப்பேசிச் செயலி வேண்டாம். திறந்தால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில்தான் போய் விழுவீர்கள். பாடவேளை முடிந்ததும் இரண்டே வரி: எந்த இடத்தில் நேரம் போனது தெரியவில்லை, எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். பாடக்குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அதைத் தலைமையாசிரியர் பார்ப்பார், பொய் எழுதத் தோன்றும்.

நான் சறுக்கியது இங்கேதான். இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் "ஏழு பி ஒரே சத்தம்", "யாரும் வீட்டுப்பாடம் செய்யவில்லை". பக்கம் பக்கமாகப் பிள்ளைகள் மேல் குற்றப்பத்திரிகை. என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் ஒரு விதி வைத்தேன்: எந்த வரியும் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். "நான் கரும்பலகையைப் பார்த்தே பேசினேன்" என்று முதல்முறை எழுதும்போது கை கூசியது.

அடுத்து, வாரம் ஒரு பாடவேளையைக் குரல் பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம். புடவை மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் பதிவைக் கேட்டேன். கேள்வி கேட்கிறேன், அதே மூச்சில் பதிலையும் நானே சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார்: ஆசிரியர்கள் ஒரு வினாடி அளவுக்கே காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது. மூன்று வினாடிதானே என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், மூச்சு முட்டும். மேசைக்கு அடியில் விரல் மடக்கி எண்ணுங்கள்.

பின்னம் நடத்திய அன்று, "ஒரு பனங்காயில் மூன்று கண். ஒரு நுங்கைத் தின்றால் மிச்சம் எத்தனை பங்கு?" என்று கேட்டுவிட்டு விரல் மடக்கினேன். மூன்றாவது விரலில் பனையேறியின் மகள் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், இரண்டு கண் காயும் உண்டே?"

"அதில் என்றால்?"

"அதில் பாதி. இதில் மூன்றில் இரண்டு."

பிறகு எந்தக் காய் அதிகம் காய்க்கும் என்று வகுப்பே சண்டை போட்டது. "நான் மணிச்சத்தத்தைக் கேட்கவில்லை" என்று அன்று நோட்டில் எழுதினேன்.

மாத முடிவில், நேரம் தெரியாமல் போன வரிகளை மட்டும் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். எனக்கு அத்தனையும் பிள்ளைகள் என்னை மறுத்துப் பேசிய இடங்கள். இப்போது வாரம் இரண்டு பாடவேளை அந்த வழக்காடலுக்கே. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் என் தோழிக்குக் கதை சொல்லும் நேரத்தில் சிவப்பு விழுந்தது.

பிற்சேர்க்கை: குரல் பதிவுக்கு அனுமதி வேண்டுமா, கைப்பேசியை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள், பிள்ளைகள் குரலும் அதில் விழும். கேட்டதும் அழித்துவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் கைப்பேசியை வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஜன்னலோரமும் ஆகாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைவிட மோசம். நான் சாக்பீஸ் டப்பாவுக்குள் நிறுத்தி வைக்கிறேன், தெளிவாகக் கேட்கிறது.