நியூ ஷெப்பர்ட் ராக்கெட் வீடியோவ ஸ்டாப்வாட்ச் வெச்சு பாக்கறது எப்படி

2021 ஜூலை 20, அமேசான் ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ் தன்னோட ப்ளூ ஆரிஜின் கம்பெனி செஞ்ச நியூ ஷெப்பர்ட் ராக்கெட்ல விண்வெளிக்குப் போனாரே, அந்த வீடியோவ நிறைய பேர் பாத்திருப்பீங்க. பாத்துட்டு "பத்து நிமிஷ ஜாலிக்கு இவ்ளோ காசா"ன்னு கேட்டுட்டு அடுத்த வீடியோக்குப் போயிருப்பீங்க, நானும் அப்டித்தான் போனேன். அப்புறம் ஒரு நாள் பேப்பர் பேனாவோட உக்காந்து திரும்பப் பாத்தேன், அப்போ தான் அதுல உண்மையான வேலைக்காரன் யாருன்னு தெரிஞ்சுது. மேல கேப்சூல்ல, அதாவது ஆளுங்க இருக்கற கூண்டுல, சீட்ல உக்காந்திருக்கறவங்கள விட்டுட்டு அடியில இருக்கற பூஸ்டர, அதாவது இஞ்சினும் டேங்கும் இருக்கற தள்ளுற பகுதிய பாக்கணும்.

தேவையானது ரெண்டு போன், ஒன்னுல வீடியோ, இன்னொன்னுல ஸ்டாப்வாட்ச். பிளஸ் ஒரு பேப்பர். முழு ஒளிபரப்பு வீடியோவா எடுங்க, வெட்டி ஒட்டினது வேணாம். முதல் ஒரு மணி நேரம் பேட்டியும் பில்டப்பும் தான், தயங்காம தள்ளி விட்டுட்டு கவுண்ட்டவுன் ஒரு நிமிஷம் இருக்கறப்ப நிறுத்துங்க. எடம் மேற்கு டெக்சாஸ்ல வான் ஹார்ன் ஊர் பக்கம், சுத்தி வெறும் பொட்டல் காடு, அது ஏன்னு கடைசியில தானா புரியும்.

இஞ்சின் பத்திக்கிட்டதும் புகையும் நெருப்பும் பெருசா தெரியலயேன்னு குழம்பாதீங்க. எரியறது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும், வெளிய வர்றது பெரும்பாலும் நீராவி, அதனால சுடர் கண்ணுக்கு சரியாவே தெரியாது. ராக்கெட் தரைய விட்ட உடனே ஸ்டாப்வாட்ச்ச தட்டுங்க.

இப்போ ஸ்க்ரீன்ல ரெண்டு நம்பர் ஓடும், உயரம் அடியில, வேகம் மணிக்கு மைல்ல. அமெரிக்காகாரங்க அளவு, நமக்கு தலைவலி, ஆனா மாத்தறது ஈசி: அடிய 3281ஆல வகுத்தா கிலோமீட்டர், மைல் வேகத்த 2.24ஆல வகுத்தா செகண்டுக்கு எத்தன மீட்டர்னு வந்துரும். சுமார் 2 நிமிஷம் 20 செகண்ட்ல இஞ்சின் நிக்கும், அந்த இடத்துல வீடியோவ பாஸ் பண்ணுங்க. வேகம் கிட்டத்தட்ட 2200 மைல், உயரம் 55 கிமீ பக்கம் இருக்கும். இனிமே தள்ள ஆள் இல்ல, மேல எறிஞ்ச கல்லு மாதிரி தான்.

இங்க தான் பேனா. 2200ஐ 2.24ஆல வகுத்தா 980 சொச்சம். பள்ளிக்கூடத்துல படிச்ச ஃபார்முலா ஞாபகம் இருக்கா, வேகத்தோட வர்க்கத்த 19.6ஆல வகுத்தா இன்னும் எவ்ளோ ஏறும்னு வரும், 980 பெருக்கல் 980 வகுத்தல் 19.6, சரியா 49000 மீட்டர், அதாவது 49 கிமீ. 55ம் 49ம் 104. அன்னிக்கு உண்மையில தொட்டது சுமார் 107 கிமீ! ஒரு பேப்பர் கணக்குக்கு இது போதாதா, எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. அதே கணக்குல 980ஐ 9.8ஆல வகுத்தா 100 செகண்ட், மேல ஏற 100, திரும்ப எறங்க 100, ஆக மூணு நிமிஷ சொச்சம் தான் அவங்க மிதக்கறது. அங்க ஈர்ப்பே இல்லன்னு டிவில சொல்வாங்க, நம்பாதீங்க, 100 கிமீ உயரத்துலயும் தரைல இருக்கறதுல 97 சதவீதம் இருக்கு, கேப்சூலும் ஆளும் ஒன்னா விழறதால மிதக்கற மாதிரி இருக்கு, அவ்ளோ தான்.

ஏன் சுத்தி வராம கீழ விழுதுன்னு கேட்டா, பூமிய சுத்தணும்னா செகண்டுக்கு 7.8 கிமீ வேகம் பக்கவாட்டுல வேணும், இதுக்கு வந்தது ஒரு கிமீ கூட இல்ல, அதுவும் நேரா மேல. அதனால தான் இது சின்ன ராக்கெட், அதனால தான் சீக்கிரம் திரும்ப உபயோகிக்க முடிஞ்சுது.

இப்போ முக்கியமான கட்டம். இஞ்சின் நின்னு கொஞ்ச நேரத்துல கேப்சூல் தனியா பிரியும். எல்லாரும் உள்ள மிதக்கறவங்கள காட்டுங்கனு கேப்பாங்க, நீங்க பூஸ்டர் கேமராவுக்கு மாறுங்க. பூஸ்டர் தான் முதல்ல தரைக்கு வரும், ஏழு நிமிஷ சொச்சத்துல. மேல இருக்கற வளையமும் துடுப்புகளும் அத நேரா பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் பக்கவாட்டுல பிரேக் பலகைங்க விரிஞ்சு வேகத்த கொறைக்கும், தரைக்கு ஒரு கிமீ சொச்சம் இருக்கறப்ப இஞ்சின் திரும்ப பத்திக்கும். டேங்க் காலியான பூஸ்டர் ரொம்ப லேசு, முழு பலத்துல எரிச்சா திரும்ப மேல போயிரும், அதனால 490 கிலோநியூட்டன் இஞ்சின கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குக்கு அடக்கணும். ஹைட்ரஜன் இஞ்சின அவ்ளோ அடக்கறது லேசுபட்ட காரியம் இல்ல. கடைசி சில செகண்ட் பூஸ்டர் காத்துலயே நின்னு, எறங்கற மேடையோட நடுவ பாத்து மெல்ல நகரும், அத ஸ்லோ மோஷன்ல பாருங்க. ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ஃபால்கன் 9 ராக்கெட்டால அப்டி நிக்க முடியாது, அதோட ஒரே ஒரு இஞ்சின் கூட காலி பூஸ்டருக்கு அதிக பலம், அது நேரா வந்து டக்குனு உக்கார வேண்டியது தான்.

சுமார் பத்தாவது நிமிஷம் கேப்சூல் மூணு பாராசூட்ல எறங்கும், தொடறப்ப பெரிய புழுதி கெளம்பும். எங்க மாமா இத பாத்து "ஐயோ மோதிருச்சு"ன்னு எழுந்தே நின்னுட்டாரு. அது மோதல் இல்ல, தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி கேப்சூல் அடியில இருந்து காத்த வேகமா ஊதுது, மெத்தை மாதிரி.

இத ஒரு தடவ பாத்துட்டு 2015 வீடியோக்களுக்கு வாங்க. அந்த ஏப்ரல் 29 முதல் ஃப்ளைட்ல கேப்சூல் பத்திரமா வந்துச்சு, பூஸ்டர் ஹைட்ராலிக் பிரச்சனைல போயிருச்சு. நவம்பர் 23ல பூஸ்டர் நின்னுச்சு, அதே பூஸ்டர் 2016 ஜனவரி 22ல திரும்ப பறந்துச்சு. எனக்கு டூரிஸ்ட் ஃப்ளைட்ட விட இந்த ரெண்டும் தான் பெருசு.

இதே மாதிரி ஆளுங்கள மேல கூட்டிட்டுப் போற இன்னொரு கம்பெனி வர்ஜின் கேலக்டிக், அதோட வீடியோவுக்கு இந்த ஸ்டாப்வாட்ச் முறை ஒத்து வராது, அது விமானத்துல தொங்கிட்டு போய் மேல வெச்சு கழட்டி விடற ரகம், கழட்டின நொடியில இருந்து தான் எண்ணணும்.

அடுத்து 2022 செப்டம்பர் 12, ஆள் இல்லாத நியூ ஷெப்பர்ட் ஃப்ளைட். ஒரு நிமிஷம் தாண்டினதும் கவனமா இருங்க. இஞ்சின் நாசில், அதாவது சுடர் வெளிய வர்ற கூம்பு, சூடு தாங்காம உடையுது, உடனே கேப்சூல்ல இருக்கற சாலிட் மோட்டார், அதாவது ஆபத்துக்குன்னு வெச்ச திட எரிபொருள் ராக்கெட், பத்திக்கிட்டு அத பூஸ்டர்ல இருந்து பிச்சுக்கிட்டு பறக்குது. கேப்சூல் பாராசூட்ல எறங்கிருச்சு, பூஸ்டர் பொட்டல் காட்டுல விழுந்துச்சு. அடுத்து பறக்க 2023 டிசம்பர் ஆச்சு.

கடைசியா 2024 மே 19, நம்ம பக்கத்து ஆந்திராக்காரர் கோபி தோட்டகூரா போன ஃப்ளைட். அதுல எறங்கறப்ப பாராசூட்ட எண்ணுங்க, மூணாவது பாதியில நின்னுருக்கும். ரெண்டுலயே பத்திரமா எறங்கற மாதிரி முன்னாடியே கணக்கு போட்டு செஞ்சது, அதனால உள்ள இருந்தவங்க சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க.