ஆம்பிளிஃபயர் இரைந்தால் எர்த்தை நீக்கலாமா? வீட்டு ஒலிக்கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஒலிக்கருவிகளில் ஆபத்து பழுதினால் மட்டும் வருவதில்லை. பழுது நேர்ந்தாலும் நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாட்டை, ஏதோ ஒரு சிறு தொல்லையைத் தீர்ப்பதற்காக நாமே நீக்கிவிடுவதால்தான் அந்தப் பழுது உயிருக்கு ஆபத்தாகிறது. இவ்வாறு நாம் நீக்குபவற்றில் முதலிடம் எர்த் இணைப்புக்கு.

ஆம்பிளிஃபயரைத் தொலைக்காட்சியுடனோ கணினியுடனோ இணைத்ததும் சில வீடுகளில் ஸ்பீக்கரிலிருந்து ‘உம்ம்’ என்ற இரைச்சல் தொடங்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. பிளக்கிலுள்ள எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தொழில் தெரிந்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. இரைச்சல் போய்விடும் என்பது உண்மைதான். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த்துடன் இணைந்திருக்கும்போது, அவற்றுக்கிடையிலுள்ள சிறிய மின்னழுத்த வேறுபாட்டினால் ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றிவருகிறது. அதுவே ஸ்பீக்கரில் கேட்கிறது. எர்த்தைத் துண்டித்தால் அந்தச் சுற்று அறுபடுகிறது. ஆனால் உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் என்றாவது கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், பெரும் மின்னோட்டத்தை எர்த் வழியே பாயவிட்டு எம்.சி.பி.யை (அளவுமீறிய மின்னோட்டத்தில் தானாக அணையும் சுவிட்சை) விழச்செய்யும் பாதையும் அதோடு அறுபடுகிறது. பிறகு அந்தப் பெட்டி 230 வோல்ட் மின்சாரத்தோடு, பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் மேசைமேல் இருக்கும். ஆடியோ ஒயர்களின் வெளிப்பின்னல் பெரும்பாலும் பெட்டியோடு இணைந்திருப்பதால், கரோக்கே பாடுபவர் கையிலுள்ள உலோக மைக்கிற்கும் அதே மின்சாரம் வந்துசேரும்.

எர்த்தைத் தொடாமலேயே இரைச்சலைத் தீர்க்க வழிகள் உள்ளன. கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சுற்று அந்த வழியாக வருகிறது. மடிக்கணினியின் சார்ஜரை நீக்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் காரணம் சார்ஜர். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து மின்சாரம் கொடுப்பதே பல வீடுகளில் போதுமான தீர்வாக அமைந்துவிடும். தொலைக்காட்சியிலும் ஆம்பிளிஃபயரிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதுவே மிகச் சிறந்தது: அதன் வழியே செல்வது ஒளி மட்டும் என்பதால் மின்சுற்று உருவாகவே வாய்ப்பில்லை. அது இல்லாதவர்கள் ஆடியோ ஒயரின் நடுவே பொருத்தும், நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் சிறிய ஐசொலேட்டரை வாங்கிக்கொள்ளலாம்.

நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம், செருகும்போது அது முதலில் இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதே. சாக்கெட்டின் மற்ற இரு துளைகளை மூடியிருக்கும் தடுப்பையும் அந்தப் பின்தான் திறக்கிறது. இரண்டு பின் பிளக்கை நுழைப்பதற்காக எர்த் துளைக்குள் தீக்குச்சியையோ பேனா மூடியையோ குத்தித் தடுப்பைத் திறக்கும் பழக்கத்தை, குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு முன் கைவிட வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புறையோடு செய்யப்பட்டவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. பழைய வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் மூன்று துளைச் சாக்கெட் இருந்தும் அதன் பின்னால் எர்த் ஒயரே இல்லாமல் இருப்பதுண்டு. எனவே குடிபுகுந்ததும் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃப்யூஸ். எரிந்துபோன கண்ணாடி ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையைச் சுற்றிவிடுவதும், 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 10 ஆம்பியர் போடுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். ஃப்யூஸ் காரணமின்றி எரிவதில்லை. உள்ளே டயோடோ அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருந்தால், புதிய ஃப்யூஸும் போட்ட உடனே போகும். அதைச் செம்பு இழையால் ஏமாற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிப் புகையும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன நிலையில் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதன் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகும். காகிதக் கூம்பு தீப்பற்றவும் கூடும். நல்ல ஆம்பிளிஃபயர்களில் இதைத் தடுக்க ஸ்பீக்கர் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சான ஒரு ரிலே இருக்கும். சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் ‘டிக்’ என்று கேட்பது பெரும்பாலும் அதுதான். கடைகளில் சேர்த்துக் கட்டித்தரும் குறைந்த விலை ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் அது இருப்பதில்லை; வாங்கும்போதே கேட்டுப் பொருத்திக்கொள்வது நல்லது.

ஃப்யூஸ் வாங்கும்போது அதன் உலோக மூடியில் உள்ள ‘டி’, ‘எஃப்’ என்ற எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘டி’ சற்றுத் தாமதித்து உருகும். ‘எஃப்’ உடனே உருகும். வட்ட வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் அதிக மின்னோட்டம் இழுப்பதால், ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்’ போட்டால் பழுதே இல்லாமலும் எரியும். அதைக் கண்டு அதிக ஆம்பியருக்குத் தாவுகிறவர்கள் உண்டு என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மூடியைத் திறப்பதும் கூடாது. சவுண்ட்பார், சப்வூஃபர் போன்றவற்றின் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கும் பகுதியில் 230 வோல்ட் மின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக மாறிக் கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கலாம்.

சூடேறி ஆம்பிளிஃபயர் தானாக நின்றுவிட்டால், அதை மின்விசிறியால் குளிரவைத்து மீண்டும் ஓட்டுவது தீர்வாகாது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கை இணையாகக் கோத்தால் ஆம்பிளிஃபயர் காண்பது 2 ஓம். பின்புறம் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் அது தன் அளவை மீறி உழைக்கிறது என்று பொருள். இணைப்பு முனையில் ஒயர் இழைகள் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று தொட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸும், தூசுக்காகப் போர்த்தும் துணியும், மேலே ஏற்றிவைக்கும் செட்டாப் பாக்ஸும் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகின்றன. மேற்புறம் 10 சென்டிமீட்டராவது இடம் விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையின்போதும் கோடை இடிமழையின்போதும் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் எளிதாகத் தாண்டிவிடும் என்பதால் பிளக்கையும் கேபிள் டிவி ஒயரையும் இடி நெருங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். இடிக்கத் தொடங்கிய பிறகு ஒயர்களைத் தொடக் கூடாது. சர்ஜ் புரொடெக்டர் வைத்திருப்பதாகப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மிகைமின்னழுத்தத்தின் பெரும்பகுதியை அது எர்த்துக்கே தள்ளுகிறது. எர்த் இல்லாத சாக்கெட்டில் அதன் பயன் மிகக் குறைவு. ஸ்டெபிலைசர் அந்த வேலையைச் செய்யாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான ஸ்பீக்கர்களைச் சுவரோடு பிணைத்து வையுங்கள். ரிமோட்டில் உள்ள பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம் என்பதால், சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செவிக்கும் ஓர் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே நேரம் 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. பெரியவர்களுக்கு 89 டெசிபலில் எஞ்சுவது வாரத்துக்கு 5 மணி நேரம்தான். மிக்சி, தெரு இரைச்சல் ஆகியவற்றை மீறிக் கேட்பதற்காக ஹெட்ஃபோன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்த அளவை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். கேட்டு முடித்த பின் காதில் ரீங்காரம் எழுந்தால் அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் அது நீடித்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.