டேர்ம் பாலிசி தவணை: ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும்?

டேர்ம் இன்ஷூரன்ஸ் என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பு. இதைப் பைக் இன்ஷூரன்ஸ் போல வருடாவருடம் புதுப்பிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு அங்கேதான். 30 வயதில் 30 வருடத்துக்கு எடுத்த வழக்கமான டேர்ம் பாலிசி ஒரே ஒப்பந்தம். வருடந்தோறும் கட்டுவது அதன் தவணை. எடுத்த பிறகு சர்க்கரை வந்தாலும், ஸ்டென்ட் வைத்தாலும், தவணை ஒழுங்காகப் போகும்வரை அதைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்ற முடியாது.

கிரேஸ் பீரியட் (தவணைத் தேதி தாண்டியும் கட்டத் தரும் அவகாசம்) எல்லோருக்கும் 30 நாள் என்று நினைப்பது அடுத்தது. வருடம், அரையாண்டு, காலாண்டுத் தவணைக்குத்தான் 30 நாள். மாதத் தவணைக்கு 15 நாள்தான். வருடத் தவணை மார்ச் 10 என்றால் ஏப்ரல் 9 வரை காப்பு உண்டு. ஏப்ரல் 5-இல் இறப்பு நேர்ந்தால், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியை நாமினிக்குக் கொடுப்பார்கள். ஏப்ரல் 20 என்றால் ஒன்றும் வராது. சாதாரண டேர்ம் பாலிசியில் சரண்டர் மதிப்பும் (நடுவில் விட்டால் திரும்பக் கிடைக்கும் பணம்) கிடையாது; பத்து வருடம் கட்டியிருந்தாலும் இதுதான் கதி.

நின்றுபோன பாலிசியை மறுபடி உயிர்ப்பிப்பதுதான் ரிவைவல். 'அஞ்சு வருஷத்துக்குள்ள ரிவைவல் பண்ணிக்கலாம்' என்று ஏஜென்ட் சொல்வது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. பாக்கியையும் வட்டியையும் கட்டுவதோடு இன்றைய உடல்நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் கேட்கலாம். நடுவில் வந்த சர்க்கரையை இப்போது சொல்லியே ஆக வேண்டும். பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொன்று: இன்ஷூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 45-இன்படி 3 வருடம் கடந்த பாலிசியைக் கம்பெனி எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. ரிவைவல் செய்தால் அந்த 3 வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். 2017-இல் எடுத்து 2024 ஆகஸ்டில் உயிர்ப்பித்த பாலிசியை 2027 ஆகஸ்ட் வரை துருவலாம். படிவத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று விடாமல் நீங்களே வரிவரியாகப் படித்து நிரப்புங்கள்.

தவணை தவறுவது பெரும்பாலும் பணம் இல்லாமல் அல்ல. ஆட்டோ டெபிட் கார்டு காலாவதியாகியிருக்கும், சம்பளக் கணக்கு மாறியிருக்கும், பழைய போன் நம்பருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கும். தவணைத் தேதிக்கு மறுநாள் பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் போதாது. கம்பெனியின் ரசீதும் வந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்குப் பிந்தைய தவணைக்கான ரசீதில் 18 சதவீத வரி இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

விலை குறைந்த வேறு பாலிசிக்கு மாறுகிறவர்கள் பழையதை முதலில் விட்டுவிடுகிறார்கள். புதிய பாலிசிப் பத்திரம் கைக்கு வரும்வரை பழையதைக் கட்டுங்கள். ஆபீஸில் தரும் குரூப் காப்பை நம்பியும் சொந்த பாலிசியை விடாதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

உண்மையிலேயே வருடந்தோறும் புதுப்பிக்கும் ஆயுள் காப்பு வேண்டுமென்றால், வங்கி வழியாக வரும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் இருக்கிறது: 436 ரூபாய்க்கு 2 லட்சம், ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரத்தில் கணக்கில் 436 இல்லையென்றால் காப்பு நின்றுவிடும். பிறகு மறுபடி சேரலாம். ஆனால் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு மரணத்துக்குப் பணம் வராது.