முகவரியில் ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள்

நான் எழுதிய முதல் பில்லிங் செயலியில் ஒரு பில்லைத் திறந்தால் பிரவுசரில் தெரியும் முகவரி 1041 என்பதுபோல ஓர் எண்ணில் முடியும். ஒரு வாடிக்கையாளர் விளையாட்டாக அதை 1042 ஆக்கினார். வேறொருவரின் பெயர், தொலைபேசி எண், வாங்கிய பொருள்கள் எல்லாம் அவர் திரையில் விரிந்தன. கடவுச்சொல் கேட்டோம், தரவை வழியில் யாரும் படிக்காமல் காக்கும் எச்டிடிபிஎஸ் வைத்திருந்தோம். ‘இந்த பில் இவருடையதுதானா?’ என்று கேட்கும் ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை.

அதனால் எந்தச் செயலி கைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன். இரண்டு கணக்குகளைத் தொடங்கி, இரண்டு பிரவுசர்களில் தனித்தனியே உள்நுழையுங்கள். முதல் கணக்கின் ஒவ்வொரு முகவரியையும் இரண்டாவதில் ஒட்டிப் பாருங்கள். பார்ப்பதோடு நிற்காமல் திருத்தும், நீக்கும் கோரிக்கைகளையும் அனுப்புங்கள். நீக்கும் பொத்தானை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொத்தான் இல்லாமலே கோரிக்கை அனுப்பலாம்.

சரிசெய்வது எளிது. தரவுத்தள வினவலிலேயே பில் எண், உரிமையாளர் எண் என்ற இரண்டு நிபந்தனைகளையும் வையுங்கள். உரிமையாளர் எண்ணை சர்வரில் உள்ள அமர்விலிருந்து, அதாவது உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவிலிருந்து எடுங்கள். பயனர் அனுப்பும் படிவத்திலிருந்து எடுத்தால் திருடனிடமே சாவியைக் கேட்பதாகும். எண்ணுக்குப் பதில் ஊகிக்க முடியாத நீண்ட குறியீடு வைப்பது நல்லதுதான், ஆனால் அது திரைச்சீலை, பூட்டு அல்ல. ஓட்டைகளைத் தேடும் தானியங்கி ஸ்கேனர்களும் இங்கே பெரிதாக உதவாது. பக்கம் ஒழுங்காகத் திறந்தது என்றுதான் அவற்றுக்குத் தெரியும். யாருடைய பில் என்று தெரியாது. இணையச் செயலிகளின் பெரிய ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த வகையான அணுகல் கட்டுப்பாட்டுப் பிழை ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியபோது எனக்கு வியப்பே இல்லை.

அடுத்து எஸ்க்யூஎல் ஊடுருவல், அதாவது படிவத்தில் தட்டும் சொல்லின் வழியே தரவுத்தளத்துக்குக் கட்டளை நுழைப்பது. அதற்கு மருந்து பழையதுதான்: பயனர் தந்த சொல்லை வினவலோடு ஒட்டாமல் அளவுருவாக, அதாவது வெறும் மதிப்பாகத் தனியே அனுப்புங்கள். எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்ற பெயரை மட்டும் அப்படி அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை எம்டி5 என்ற பழைய, வேகமான ஹாஷ் முறை கொண்டு சேமிக்கவே கூடாது. கடவுச்சொல்லுக்கென்றே வேண்டுமென்று மெதுவாகச் செய்த ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் போதும். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனிப் புள்ளிகள்) 3 பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட். தமிழில் நீளமான கடவுச்சொல் வைப்பவருக்கு 24 குறியீட்டுப் புள்ளிகளிலேயே எல்லை வந்துவிடும். ஆகவே புதுச் செயலி என்றால் நான் ஆர்கான்2 பக்கம்.

வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவியை, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் தவறிப் போட்டுவிட்டால், அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) அழிப்பது வீண் வேலை. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குங்கள். வரலாற்றைத் துடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, செயலி சார்ந்திருக்கும் நூலகங்களை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, பதிப்பு எண்ணோடு பட்டியலிடுங்கள். நீங்கள் நேரடியாகச் சேர்த்த நூலகங்கள் இழுத்து வந்தவையும் அதில் இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஜாவா செயலிகளில் பதிவுகளை எழுதும் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளிவந்தபோது எங்களுக்குத் திருத்தம் போட ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த நூலகம் எந்தெந்தச் செயலிகளில் ஒளிந்திருக்கிறது என்று தேட இரண்டு நாள் ஆனது.