நெரூதாவும் வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண்ணும்: வாசகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் கவிதை படிக்கக் கூடும் எங்கள் சிறு வட்டத்தில் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவின் பெயர் எழுந்தால் ‘நம் ஊரில் இருந்தவர்’ என்ற பெருமையும் கூடவே எழும். உண்மைதான். 1927இல், 23 வயதில், சிலியின் துணைத்தூதராக (கான்சலாக) இரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கூனுக்கு, வந்தார். 1929இல் கொழும்புக்கு மாற்றலானார். எங்கள் பெருமை இரங்கூனோடு நின்றுவிடும். அதுவே முதல் தவறு.

கொழும்பில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல், வெளிவந்த தன்வரலாற்றில் அது இருக்கிறது. கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டில் மலம் அள்ள வந்த தமிழ்ப் பெண்ணின் மணிக்கட்டை ஒரு காலையில் இறுகப் பற்றிப் படுக்கைக்குக் கொண்டுபோனார். அவளோடு பேசத் தனக்கு மொழி இல்லை என்கிறார். அந்த மொழி நம்முடையது.

“அந்தக் காலம் அப்படி” என்பார்கள். தன்னை அவள் வெறுத்தது சரியே என்று அவரே எழுதிவிட்ட பிறகு, காலத்தைச் சாட்சிக்கு இழுப்பானேன்? நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பாரும் உண்டு. பிறப்பைத் துருவாதே என்று சொன்ன பழமொழி அது. நடத்தைக்குப் போர்வையாக நெய்ததல்ல.

‘கலை வேறு, கலைஞன் வேறு’ என்பதை எங்கும் செல்லும் நாணயமாக எண்ணுவது இன்னும் பெரிய தவறு. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவனைக் கொன்றார். அந்தக் கொலையை அவருடைய ஓவியங்களுக்கு வெளியே நிறுத்திப் பார்க்க முடிகிறது. இங்கே குற்றம் உரைநடைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தவளைத் தென்னிந்தியச் சிற்பம் என்கிறார். அழகான உவமைதான், அதனால்தான் வாசகன் வழுக்கிவிடுகிறான். சிலைக்கு வலிக்காதல்லவா? எதை எதிலிருந்து பிரிப்பது?

அதற்காக, 20 வயது நிரம்பும் முன்பே அவர் வெளியிட்ட காதல் கவிதைகள் மட்டமாகிவிட்டன என்று நடிக்க வேண்டாம். எனக்கு அவை இன்றும் பிடிக்கும். ஆனால் படிப்பது ஒன்று, மாலை போடுவது வேறொன்று. சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 2018இல் முயன்றபோது எதிர்த்த பெண்கள் கேட்டது இரண்டாவதைப் பற்றித்தான்.

சென்ற முறை அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி வட்டத்தில் வாசித்தோம். வாசித்த அக்கா ‘சிலை’ என்ற சொல் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். மீதியை வேறொருவர் முடித்தார்.