கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி யூசியில் பட்டம்: கலிபோர்னியா டிரான்ஸ்ஃபர் படிப்படியாக

பிள்ளைக்கு யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்) நேரடியாக இடம் கிடைக்கவில்லை என்றதும், "அப்போ கம்யூனிட்டி காலேஜா?" என்று முகம் சுண்டிப்போவது கலிபோர்னியாவில் நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அது தேவையில்லாத வருத்தம். வேறு கல்லூரியில் தொடங்கி நடுவில் யூசிக்கு டிரான்ஸ்ஃபராக வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த இரண்டு வருடக் கல்லூரிகளிலிருந்துதான் வருகிறார்கள். கடைசியில் கையில் வாங்கும் பட்டத்தில் யூசி பெயர்தான் இருக்கும், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தீர்கள் என்று அதில் போட மாட்டார்கள்.

இது யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். 1960-ல், அப்போதைய யூசி தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய மாநில உயர்கல்வி மாஸ்டர் பிளானிலேயே இந்த வழி இருக்கிறது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்குக்கு கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்), படிக்க விரும்பும் எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கே நன்றாகப் படிப்பவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகக் கதவு. இன்றைக்கு யூசியில் 10 கேம்பஸ்கள். அவற்றில் சான் ஃபிரான்சிஸ்கோ தவிர்த்த 9-ல் இளநிலைப் படிப்பு உண்டு. கால் ஸ்டேட்டில் 20-க்கு மேல். கம்யூனிட்டி காலேஜ்கள் 116.

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர், 2012 கோடையிலிருந்து அது ஏறவே இல்லை. வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். கால் ஸ்டேட்டில் ஒரு வருடத்துக்கு 6,000 டாலருக்கு மேல், யூசியில் 14,000-க்கு மேல். விடுதி, சாப்பாடு எல்லாம் தனி.

ஆனால் ஒன்று. இந்த வழியில் வரிசை மிக முக்கியம். "முதலில் சேர்ந்துவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்குபவர்கள்தான் இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியதை நாலு வருடத்துக்கு இழுக்கிறார்கள். அதனால் கடைசியிலிருந்து ஆரம்பிப்போம்.

படி 1: எங்கே போகப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு மேஜர் (முதன்மைப் பாடப்பிரிவு), மூன்று நான்கு பல்கலைக்கழகங்கள். இப்போதைக்கு இது போதும். "இன்னும் முடிவு பண்ணலை" என்றால் நெருங்கிய இரண்டு மேஜர்களை எழுதிக்கொள்ளுங்கள். பொருளாதாரமா பிசினஸா என்ற குழப்பத்தோடு ஆரம்பிக்கலாம், முதல் வருடப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். உயிரியலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்ற குழப்பத்தோடு ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் யூனிட் வீணாகும். முதலில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கல்லூரிக் கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

படி 2: அசிஸ்ட் தளத்தைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது கலிபோர்னியாவின் அதிகாரபூர்வமான பாட ஒப்பந்தத் தளம். எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடத்தை, எந்த யூசியும் கால் ஸ்டேட்டும் தங்களின் எந்தப் பாடத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்கின்றன என்று அங்கே இருக்கும். இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

முதலில் கல்வியாண்டு, அடுத்து நீங்கள் படிக்கப்போகும் கல்லூரி, அப்புறம் போய்ச் சேர விரும்பும் பல்கலைக்கழகம், கடைசியாக மேஜர். பக்கம் இரண்டு பத்தியாகத் திறக்கும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். இடது பக்கத்தின் ஒரு பாடத்துக்கு வலது பக்கம் இரண்டு பாடங்கள் போட்டு நடுவில் "அண்ட்" என்று இருந்தால், இரண்டையும் முடித்தால்தான் கணக்கு. "ஆர்" என்றால் ஒன்று போதும். வலது பக்கம் "நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்" என்று வந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடமே இல்லை என்று அர்த்தம். அந்தப் பாடம் கட்டாயமானதாக இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

கால்குலஸில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செமஸ்டர் முறையில் (வருடத்துக்கு இரண்டு பருவம்) நடக்கும் ஃப்ரீமான்ட் ஓலோனி கல்லூரியில் ஒரு பாடத்தில் வரும் பகுதி, குவார்ட்டர் முறையில் (மூன்று பருவம்) நடக்கும் கூப்பர்டினோ டி ஆன்சாவிலோ லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில்லிலோ வேறு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். பாதியை இங்கேயும் மீதியை அங்கேயும் படித்தால் நடுவில் ஒரு பகுதி விட்டுப்போய், பல்கலைக்கழகம் தொடர் முழுமையாகவில்லை என்று சொல்லிவிடலாம். கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மாதிரித் தொடர்களை ஒரே கல்லூரியில் தொடங்கி அங்கேயே முடியுங்கள்.

நீங்கள் எழுதிய மூன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் எடுத்து அருகருகே வையுங்கள். எல்லாப் பக்கத்திலும் இருக்கும் பாடங்களுக்கு முதல் இடம், ஒரே ஒரு இடம் மட்டும் கேட்பதற்குக் கடைசி இடம். உங்கள் இரண்டு வருடத் திட்டத்தில் பாதிக்கு மேல் இப்போதே தயாராகிவிட்டது.

படி 3: பொதுப்பாடங்கள்

மேஜர் பாடங்கள் போக, ஆங்கிலம், கணிதம், கலை, சமூக அறிவியல், அறிவியல் என்று ஒரு பொதுப்பாடத் தொகுப்பு உண்டு. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்பவர்களுக்கு யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவான ஒரே தொகுப்பு: கால்-கெட்சி, 34 செமஸ்டர் யூனிட். அதற்கு முன்னால் இருந்த ஐகெட்சியைப் பற்றி அண்ணனோ அக்காவோ சொல்வதைக் கேட்டுப் பாடம் எடுக்காதீர்கள், அந்தப் பட்டியல் மாறிவிட்டது.

இன்ஜினியரிங், இயற்பியல் மாதிரி மேஜர்களில் முன்தயாரிப்புப் பாடங்களே நிறைய இருக்கும். அங்கே மேஜர் பாடங்கள்தான் முதலில், பொதுப்பாடத் தொகுப்பை முழுதாக முடிக்கப் பார்த்துக் கணிதத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளியில் கல்லூரித் தரத்திலான ஏபி தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்களை முதல் நாளே கவுன்சிலரிடம் கொடுங்கள், சில பாடங்கள் குறையலாம்.

படி 4: விண்ணப்பமும் வசிப்பிட நிலையும்

கம்யூனிட்டி காலேஜ் விண்ணப்பம் சிசிசி அப்ளை தளத்தில். கட்டணம் இல்லை, மதிப்பெண் தடையும் இல்லை. அரை மணி நேர வேலை. கவனமாக நிரப்ப வேண்டியது வசிப்பிடம் பற்றிய கேள்விகளை மட்டும்தான்.

பருவம் தொடங்குவதற்கு முன் குறைந்தது ஒரு வருடமும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும். இங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணம் இருப்பதற்கு ஆதாரமும் வேண்டும்: மாநில வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் மாதிரி. 19 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் நிலையையும் பார்ப்பார்கள். மாநிலவாசி என்று காட்ட முடியாவிட்டால் ஒரு யூனிட்டுக்குப் பல நூறு டாலர் ஆகிவிடும்.

எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விசாக்களில் இருப்பவர்கள் மாநிலவாசி நிலையைக் கோர முடியும். மாணவர் விசாவான எஃப்-1-ல் பொதுவாக முடியாது. எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும் என்பதால், படிப்பின் நடுவில் நிலை மாறினால் கட்டணம் என்ன ஆகும் என்று அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளும் பள்ளியின் ஒப்புதலோடு இந்தப் பாடங்களை எடுக்கலாம், பெரும்பாலும் அந்த 46 டாலர்கூட வாங்க மாட்டார்கள். ஒரே எச்சரிக்கை: பதினைந்து வயதில் வாங்கும் மதிப்பெண்ணும் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும்.

படி 5: உதவித்தொகை

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் ஃபாஃப்ஸா (அரசு உதவித்தொகை விண்ணப்பம்) நிரப்புங்கள். "நம்ம சம்பளத்துக்குக் கிடைக்காது" என்று விட்டுவிட வேண்டாம். முதல்முறையாகக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு, வருமானம் பார்க்காமலே இரண்டு வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கால் காலேஜ் பிராமிஸ் திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கும் ஃபாஃப்ஸா நிரப்பியிருக்க வேண்டும். மாநில உதவித்தொகையான கால் கிரான்டுக்கு மார்ச் தொடக்கம்தான் வழக்கமான கடைசி நாள், அதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். எச்-4-ல் இருப்பவர்களுக்கு ஃபாஃப்ஸா கிடையாது.

படி 6: கவுன்சிலரும் எட் பிளானும்

சேர்ந்த பிறகு ஓரியன்டேஷன், ஆங்கில-கணிதப் பாட நிலை, எட் பிளான் (எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்ற படிப்புத் திட்டம்) என்று மூன்று வேலை. இந்த மூன்றையும் முடித்தவர்களுக்குத்தான் பதிவில் முன்னுரிமை. தள்ளிப்போட்டால் நீங்கள் பதிவு செய்யப் போகும்போது இயற்பியல் வகுப்பில் காத்திருப்புப் பட்டியல்தான் மிஞ்சும்.

முன்பு நுழைவுத்தேர்வு வைத்து, ஏராளமான மாணவர்களை அடிப்படைக் கணிதத்தில் உட்காரவைத்தார்கள். அங்கேயே சோர்ந்து படிப்பை விட்டவர்கள் அதிகம். 2017-ல் வந்த ஏபி 705 சட்டம் அதை மாற்றியது. இப்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே டிரான்ஸ்ஃபருக்குக் கணக்காகும் பாடத்தில் சேர்க்கிறார்கள். இந்தக் கல்லூரிகளில் சமீப காலத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்பது என் கருத்து.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அசிஸ்ட் பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அரை மணி நேரத்தில் அவரால் எல்லாவற்றையும் தேடிச் சொல்ல முடியாது. நீங்களே வரைந்த திட்டத்தைக் காட்டி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். ஒவ்வொரு பருவமும் ஒருமுறை பாருங்கள்.

படி 7: படிக்கும் இரண்டு வருடம்

டிரான்ஸ்ஃபருக்கு 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். யூசிக்கு மாநிலவாசிகளின் குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.4, கால் ஸ்டேட்டுக்கு 2.0. இவை விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. யூசியின் பெர்க்லி, யூசிஎல்ஏ கேம்பஸ்களில் அதிகம் கேட்கப்படும் மேஜர்களுக்கு 4.0-ஐ ஒட்டி இருப்பவர்களே போட்டி போடுகிறார்கள்.

கால் ஸ்டேட்டுக்குப் பேச்சு, எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம் என்ற நாலும் முதலில் முடிந்திருக்க வேண்டும். யூசிக்கு இரண்டு ஆங்கிலப் பாடமும் ஒரு கணிதப் பாடமும் கட்டாயம். ஆங்கிலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கணிதம் நன்றாக வரும் நம் பிள்ளைகள் இதைத்தான் கடைசிப் பருவத்துக்கு விட்டுவைக்கிறார்கள்.

ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள். பதிவில் டபிள்யூ வரும், ஜிபிஏவில் சேராது. ஒன்று இருந்தால் பரவாயில்லை, வரிசையாக இருந்தால் கேள்வி வரும்.

படி 8: விண்ணப்பிக்கும் இலையுதிர் பருவம்

இரண்டாம் வருடம் ஆரம்பித்த உடனே நாட்கள் வேகமாக ஓடும்.

செப்டம்பர் 1 முதல் 30 வரை யூசியின் டேக் விண்ணப்பம். டேக் என்பது சேர்க்கை உத்தரவாதம்: அவர்கள் சொல்லும் பாடங்களையும் ஜிபிஏவையும் எட்டினால் இடம் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய 6 கேம்பஸ்களில் உண்டு, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோவில் இல்லை. எல்லா மேஜருக்கும் இல்லை என்பதையும் பாருங்கள்: சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி இதற்குள் வராது, கம்ப்யூட்டர் சயின்ஸைப் பல கேம்பஸ்கள் விலக்கி வைத்திருக்கின்றன. தகுதி இருந்தும் டேக் போடாமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை. போட்டுவிட்டு மற்ற யூசிகளுக்கும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

டேக் போட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் அனுப்பினால்தான் டேக் செல்லும். அதில் நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 ஆங்கிலச் சொற்களுக்குள். ஒன்று கட்டாயம்: உங்கள் மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. மீதி மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கால் ஸ்டேட் விண்ணப்பமும் இதே மாதங்களில்தான், கால் ஸ்டேட் அப்ளை தளத்தில். அங்கேயும் ஒரு உத்தரவாதம் உண்டு: 2010-ல் வந்த எஸ்பி 1440 சட்டப்படி, கம்யூனிட்டி காலேஜில் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) முடித்தவர்களுக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஒரு கேம்பஸில் இடம் தர வேண்டும். கேட்ட கேம்பஸில் என்று சட்டம் சொல்லவில்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் போட்டி போட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 9: அனுப்பிய பிறகு

ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் வசந்த காலப் பாடங்களையும் யூசி தளத்தில் புதுப்பிக்கச் சொல்வார்கள். டேக் போட்டவர்கள் இதை விட்டால் உத்தரவாதம் போய்விடும். ஏப்ரல் முடிவதற்குள் யூசி பதில்கள் வந்துவிடும். ஜூன் 1-க்குள் ஒரு இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்ததும் வசந்த காலத்தில் ஒரு பாடத்தைக் கைவிடலாமே என்று தோன்றும். கேட்காமல் செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் போட்ட பாடம் ஒன்றை விட்டாலோ மதிப்பெண் சரிந்தாலோ சேர்க்கையை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. கடைசி மதிப்பெண்கள் வந்ததும், படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) ஜூலை 1-க்குள் அனுப்பச் சொல்லுங்கள், பள்ளிக் காலத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்த கல்லூரியையும் சேர்த்து. கால்-கெட்சி முடித்ததற்கான சான்றிதழ் தானாகப் போகாது. உங்கள் கல்லூரியில் அதற்கென்று தனியாக விண்ணப்பித்து, அதையும் டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.